பதினேழாவது கட்டுரையும் ஒரு பொட்டலம் கற்பூரமும்

சொத்து என்று என்னிடம் கேட்டால் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. நான் இதுவரை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். மூலக்கூறுகள் எந்த ஒளியை விழுங்குகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று அளந்து, அதிலிருந்து அவற்றின் வடிவத்தைச் சொல்வது என் தொழில். நிறமாலையியல் என்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை விளக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். "டாக்டர்னா ஊசி போடுவீங்களா?" என்று முதல் நாள் கேட்டார். இல்லை என்றதும் என்மேல் வந்த மரியாதையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் செய்தது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பட்டியலில் இருபத்துச் சொச்சம் கட்டுரைகள். பெரும்பாலானவற்றில் என் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். கல்யாணப் பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் உறவினர் பெயர்களைப் போடுவார்களே, அதுபோல. விட்டுப்போனால் சண்டை வரும், போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். பதினேழாவது கட்டுரை மட்டும் வேறு. அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அளந்தது நான், கணக்கிட்டது நான், எழுதியது நான். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் தற்காலிகமாகக் காலம் தள்ளி, இங்கே மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்தேன். கிள்ளான் போகும் ரயிலில் ஏறி நடுவில் ஓரிடத்தில் இறங்க வேண்டும். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அதற்கு ஒரு குழு உட்காரும். அந்த இரண்டு வருஷத்தில் நல்ல ஆய்விதழில் நாமே முன்னின்று எழுதிய கட்டுரை ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் போகும், அதோடு இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் வேலை பாஸ் போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் என் வயதுக்காரியை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். விளம்பரத்தில் போடும் வயது வரம்பை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். தனியாள்தான், பிள்ளைகுட்டி கிடையாது, ஆனாலும் மாதாமாதம் வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டுமே. அதனால் இந்த நான்கு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

ஒருவழியாக எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு புது அகச்சிவப்பு நிறமாலைமானி வந்தது. வாயுவை அடைக்க நீளமான குழாய், அதைச் சூடாக்கும் வசதி, இரண்டு முனையிலும் கண்ணாடி போன்ற சன்னல்கள், சன்னல் கசியாமலிருக்க ரப்பர் வளையங்கள். பெட்டியைப் பிரித்துப் பொருத்தியவர் ஆய்வக உதவியாளர் அண்ணன். கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான்காரர். தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். இந்தத் துறையில் எனக்கு முன்னாலிருந்து இருப்பவர், வெற்றிடப் பம்பின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். என்னை "டாக்டர்" என்பார், நான் "அண்ணே" என்பேன். இந்த ஊர்க்காரர்களைப்போல வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா' போடுவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்து நின்றார்.

"டாக்டர், புது மெஷின் வந்திருக்கு. பூஜை போடாம எப்படி? எங்க ஏரியாவுல லோரிக்கெல்லாம் போடுறாங்க லா."

எனக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. நான் படித்த கல்லூரியில் தராசுக்கும் பன்சன் அடுப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்துதான் விடுமுறை விடுவார்கள். அடுத்த நாள் எதையும் தொடக்கூடாது. சாமி நம்பிக்கை எனக்குப் பெரிதாகக் கிடையாது. ஆனால் பொட்டு வைக்காத கருவி என்னவோ வெறிச்சென்று இருப்பதுபோல் தோன்றும். பிரிக்பீல்ட்ஸில் ரயிலடிக்குப் போகும் வழியில் பூக்கடைக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை இருக்கிறது. அங்கே நானேதான் சந்தனம், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு பெரிய பொட்டலம் கற்பூரம் எல்லாம் வாங்கினேன்.

ஆய்வகத்துக்குள் சூடம் கொளுத்தினால் புகை அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்கும். அதனால் நடைபாதையின் கடைசியில் ஒரு தட்டில் கொளுத்தி, அண்ணன் தட்டை வாசல் வரை கொண்டுவந்து காட்டினார். கருவிக்கு முன்னால் கொளுத்தாத வில்லைகளை வரிசையாக வைத்தோம். பூஜை முடிந்தது. எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அண்ணன் அந்த வில்லைகளையும் மீதிப் பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத என்ன செய்ய டாக்டர்? வீட்டுக்குக் கொண்டு போயிரவா?"

"மெஷினுக்குப் படைச்சது, மெஷின்கிட்டயே இருக்கட்டும் அண்ணே. அந்தக் கீழ் டிராயர்ல வைங்க."

அவர் டிராயரை இழுத்துப் பார்த்தார். "இங்கயா? ரப்பர் ரிங்கு எல்லாம் இதுலதான இருக்கு?"

"இருந்தா என்ன? பூச்சியும் வராது. வைங்க."

வைத்தார். இந்த உரையாடலை நான் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். மாற்ற வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் முழுக்க ஒரு மூலக்கூறின் பின்னால் அலைந்தேன். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று சாதாரணமானது, எல்லோரும் அளந்தது. இன்னொன்று அரிதானது. இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் வாயு நிலையில் யாரும் பார்த்ததில்லை. அந்த அரிய வடிவம் இருந்தால் நிறமாலையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரு மேடு தெரிய வேண்டும். அந்த இடத்தை நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். குழாயைச் சூடாக்கி அளந்தபோது அதே இடத்தில் கொசு கடித்த தடிப்பு அளவுக்கு ஒரு மேடு எழுந்தது. வெப்பத்தைக் கூட்டினேன், மேடும் கூடியது. மறுநாள் அளந்தேன், இருந்தது. அடுத்த மாதம் அளந்தேன், இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்து, "இந்தச் சின்னதா டாக்டர்?" என்றார். இந்தச் சின்னதுதான் என்றேன். அவருக்கு என் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. கீழே கடைக்குப் போய், தே தாரிக் என்று இங்கே சொல்லும் நுரைக்க ஆற்றிய தேநீரை இரண்டு பையில் கட்டிக்கொண்டு வந்தார்.

முறைப்படி காலிக் குழாயையும் அளந்தேன், ஒரு மேடும் இல்லை. ஆனால் காலிக் குழாயைச் சூடாக்காமல் அளந்தேன். இப்படியொரு தவற்றைச் செய்யும் முதலாண்டு மாணவரை நான் அறையை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருந்தது, மேடு நான் சொன்ன இடத்தில் இருந்தது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் துறைத்தலைவர் உள்ளே வந்து, என்ன இங்கே தைலம் வாசனை அடிக்கிறது என்று கேட்டார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. கோயில் வாசனையை வாசனை என்று எண்ணாத மூக்கு எனக்கு. அண்ணனுக்கும் அதே மூக்குதான். இருவரும் சிரித்தோம்.

கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தது. குழு உட்கார்ந்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நன்றி கூறும் பகுதியில் அண்ணனின் முழுப்பெயரை, தகப்பனார் பெயரோடு போட்டிருந்தேன். அவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தீபாவளிக்குப் பண்டமாரானில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தக் கடைசிப் பக்கம் லேமினேட் செய்யப்பட்டு மாட்டியிருந்தது. தன் பெயருக்கு அடியில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். அவர் மனைவி முறுக்குத் தட்டை நீட்டியபடி, "வர்றவங்களுக்கெல்லாம் இத காட்டிட்டுதான் தண்ணியே குடுப்பாரு" என்று கிண்டல் செய்தார்.

அந்த இரண்டு வருஷமும் முடியப்போகும் நேரத்தில், மறுபடி குழு உட்கார நாலு மாதம் இருக்கையில், ஒரு குளிர் தேசத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னைப் போன்ற ஓர் ஆய்வாளர், மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். உங்கள் அளவீட்டை மூன்று முறை திரும்பச் செய்தோம், எங்களுக்கு அந்த மேடு வரவில்லை, உங்கள் குழாயில் வேறு ஏதாவது கலந்திருக்க வாய்ப்புண்டா, தயவுசெய்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். முதலில் கோபம்தான் வந்தது. உங்களுக்கு அளக்கத் தெரியவில்லை என்று நாகரிகமாக ஒரு பதிலை எழுதினேன். அனுப்புவதற்கு முன் காலிக் குழாயைச் சூடாக்கி அளந்துவிடலாம் என்று ஆய்வகத்துக்குப் போனேன்.

உள்ளே எதுவுமே இல்லை. சூடேற்றினேன். மேடு எழுந்தது.

ரப்பர் வளையத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று கீழ் டிராயரை இழுத்தேன். அன்றைக்கு மட்டும் என் மூக்குக்கு வாசனை வந்தது. மூன்றரை வருஷத்தில் பொட்டலம் பாதியாகக் கரைந்திருந்தது. கரைந்த பாதி எங்கே போகும்? ரப்பர் குடித்துவிட்டது. அந்த ரப்பரை எடுத்துக் குழாயில் மாட்டி, சூடாக்கி, வெளியே வந்த கற்பூர ஆவியை அளந்து, அரிய வடிவம் என்று உலகத்துக்கு அறிவித்திருக்கிறேன். கற்பூரத்தின் நிறமாலையைத் தேடி எடுத்து என்னுடையதன் மேல் வைத்துப் பார்த்தேன். மேடு அச்சு அசலாகப் பொருந்தியது. மற்ற மேடுகள் என் மூலக்கூறின் பெரிய மேடுகளுக்கு அடியில் ஒளிந்திருந்தன. நான் கணக்கிட்ட இடத்திலேயே கற்பூரத்துக்கும் ஒரு மேடு இருந்தது என் கேடுகாலம்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் நினைத்தேன். பிறகு துறைத்தலைவரிடம் போனேன். நேர்மையால் போனேன் என்று எழுத ஆசைதான். அந்தக் குளிர் தேசத்துக்காரர் எப்படியும் எழுதிவிடுவார் என்ற பயத்தால் போனேன்.

துறைத்தலைவர் கெட்டவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கட்டுரையை நாமே திரும்பப் பெறுவதுதான் வழி என்றார். திரும்பப் பெறும் அறிவிப்பை ஆய்விதழில் எழுத வேண்டும், அதில் காரணம் சொல்ல வேண்டும். "கற்பூரத்தை டிராயரில் வைத்தது யார்? நீங்களா?" என்று கேட்டார். கையால் வைத்தது நான் இல்லை என்றேன். "அப்படியானால் அதை எழுதுங்கள். ஆய்வாளரின் கவனக்குறைவு என்று எழுதினால் குழு வேறு மாதிரி பார்க்கும். பணியாளர் தவறு என்றால் யாருக்கும் நடக்கக்கூடியது. நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

எழுதினேன். ஆறே வரிகள். ஆய்வகப் பணியாளர் ஒருவர் சடங்கில் பயன்படுத்திய கற்பூரத்தை உதிரி வளையங்கள் இருந்த டிராயரில் வைத்திருந்ததாலும், காலிக் குழாய் சூடாக்கப்படாமல் அளக்கப்பட்டதாலும், இந்த முடிவு செல்லாது. அதுவரை எல்லாம் உண்மை. அதற்குப் பிறகு ஒரு சிறு தொடர் இருக்கிறது. 'கட்டுரை ஆசிரியருக்குத் தெரியாமல்.' அதைத் துறைத்தலைவர் எழுதச் சொல்லவில்லை. நானே போட்டேன். வாக்கியம் முடிவில்லாமல் நிற்பதுபோல் இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் போடவில்லையே, இந்த ஆறு வரியைப் பண்டமாரானில் யார் படிக்கப்போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

பல்கலைக்கழக அலுவலகம் படித்தது. அறிவிப்பு வெளிவந்த மூன்றாவது வாரம் அண்ணனுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் போனது. பாதுகாப்பு விதியை மீறி ஆய்வகத்தில் பொருள் வைத்தது ஏன் என்று மலாயில் இரண்டு பக்கம். அவர் ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. இத்தனை வருஷ வேலையில் அவர் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததில்லை.

எனக்கு அது தெரிந்ததே அவர் சொல்லித்தான். சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"லெட்டர் ஒண்ணு வந்துச்சு டாக்டர். பதில் எழுதி சைன் பண்ணிக் குடுத்துட்டேன்."

"என்ன எழுதினீங்க அண்ணே?"

"நான்தான் வச்சேன், யோசிக்காம வச்சுட்டேன், இனிமே செய்யமாட்டேன்னு எழுதினேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணே, நான்தானே வைக்கச் சொன்னேன், நீங்கள் கேட்கக்கூடச் செய்தீர்களே என்று சொல்ல வேண்டும். மேசைமேல் அந்த வாரம் நான் நிரப்பிக்கொண்டிருந்த ஒப்பந்தப் படிவம் விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"பரவால்ல டாக்டர். எனக்கு பென்ஷன் இருக்கு. அத எடுக்கமாட்டாங்க. உங்களுக்குத்தான் பாஸ் பிரச்சனை லா."

நான் படிவத்தை மூடி ஓரமாக வைத்தேன். போகத் திரும்பியவர் நின்று, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பேப்பர எடுத்துருவாங்களா? என் பேரு இருந்துச்சே அதுல."

எடுக்கமாட்டார்கள், இருக்கும் என்றேன். அது உண்மை. திரும்பப் பெற்ற கட்டுரையை அழிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே பெரிய சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று அடித்து, அப்படியே வைத்திருப்பார்கள். அவர் பெயர் அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கைபேசியில் தேடத் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை. பூஜைச் சாமான் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் நடந்து போனேன். காலையில் ஆய்வகத்துக்கு வந்தபோது அண்ணன் நிறமாலைமானிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். எப்போதும்போல் நடுவில் வட்டமாக, வழியாமல், துடைத்து வைத்த மாதிரி. கற்பூரம் இல்லை. கட்டடத்துக்கு வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், ஒரு சின்ன எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அங்கேயே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றிருக்கலாம். எனக்கு நேரமாகிறது என்று ஒரு வகுப்புக்குப் போனேன், அது தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. துறைத்தலைவர் கணித்தது சரி, பணியாளர் தவறு என்பதால் குழு இரக்கப்பட்டது. அண்ணன் சில மாதங்களில் ஓய்வு பெற்றார். விடைகொடுக்கும் விருந்தில் என் கையைப் பிடித்து, "உடம்ப பாத்துக்குங்க டாக்டர்" என்றார். அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, நான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பிரிக்பீல்ட்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அந்தச் சுவரில் லேமினேட் செய்த பக்கம் இன்னும் தொங்குகிறதா, இறக்கிவிட்டாரா என்று தெரியாது. இரண்டில் எது நடந்திருந்தாலும் என்னால் பார்க்க முடியாது.

போன வாரம் மறுபடி கட்டுரைக் கணக்குக் காட்டும் வருடாந்தரப் படிவம் வந்தது. இப்போதெல்லாம் நாம் பட்டியல் எழுத வேண்டியதில்லை, கணினியே தேடி எடுத்துப் போட்டுக் கொடுக்கும். பார்த்தேன். பதினேழாவது கட்டுரை சிவப்புக் கோட்டோடு இருந்தது. அதற்குச் சில வரிகள் கீழே இன்னொன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. நான் எழுதிய ஆறு வரி அறிவிப்பைக் கணினி தனிக் கட்டுரையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல ஆய்விதழ், ஒரே ஆசிரியர். முதலாவதில் தவறு இருந்தது. அதை எழுதும்போது நான் நம்பினேன். இரண்டாவதை எழுதும்போது நம்பவில்லை.

படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம். மேலே உள்ளவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன். அதைக் குறிக்காமல் அடுத்த பக்கம் போகாது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தேன். அண்ணனின் கைபேசி எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டத்தில் குறி போட்டேன்.